யுன் அக்கா யாரையும் பாதியில் வெட்டியதில்லை

ஒவ்வொரு வருடமும் டிசம்பர் கடைசியில், தெற்கே கடலோர ஊரான லின்பியனில் இருக்கும் என் மச்சான் ஹாய்-ஷான் தன் குளத்துக் களவா மீன் ஒன்றை ஐஸ் போட்டு, தெர்மோகோல் பெட்டியில் அடைத்து, தைச்சுங்குக்கு அனுப்புவார். மூன்று கிலோவுக்குக் குறையாத மீன். அவருடைய கூடப்பிறந்த தங்கையைக் கட்டிக்கொண்டு தைச்சுங்கில் குடியிருக்கிறவன் நான். ஆனால் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் பெயர் என்னுடையதல்ல. பெங் ருயி-யுன் என்று இருக்கும். எங்கள் கம்பெனியில் ப்ரோகிராம் எழுதுகிறவர். போன வருடம்வரை, ஏழு வருடமாக, எனக்கு ஒரு வால் துண்டுகூட நேராக வந்ததில்லை.

கோபம் உண்டா என்று கேட்டால், முதல் இரண்டு வருடம் இருந்தது. இப்போது இல்லை. அந்த மீன் யாருக்குப் போகவேண்டுமோ அவருக்குத்தான் போகிறது. அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சொல்லும்போது என் மானம் கொஞ்சம் போகும். போகட்டும்.

எங்கள் கம்பெனி தைச்சுங்கின் நான்துன் தொழிற்பேட்டையில், சைக்கிள் பெடல் செய்கிற ஒரு பட்டறைக்கு மேல், இரண்டாவது மாடியில் இருக்கிறது. பன்னிரண்டு பேர். மீன் குளங்களுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிறோம். குளத்துத் தண்ணீரில் ஆக்ஸிஜன் எவ்வளவு இருக்கிறது என்று சென்சார் பார்க்கும். குறைந்தால் பெட்டி தானாகவே ஏரேட்டர் சக்கரங்களைச் சுற்றவிடும். அப்படியும் ஏறாவிட்டால் குளத்துக்காரருக்குப் போன் போடும். நான் ஊர் ஊராகப் போய் இந்தப் பெட்டிகளை மாட்டிவிட்டு வருகிறவன். பேர் ஆ-கீ. வாய் கொஞ்சம் நீளம்.

யுன் அக்கா மியாவ்லி பக்கத்து ஹக்கா இனத்து வீட்டுப் பெண். பத்தொன்பது வயதில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் செய்கிற ஒரு தொழிற்சாலையில் இணைப்பு சோதிக்கிற வேலைக்குச் சேர்ந்தார். ஒரு ஒயரை உருவுவதற்கு முன்னால் இந்தப் பக்கம் பேசுகிறவரையும் அந்தப் பக்கம் பேசுகிறவரையும் கேட்டுவிட்டுத்தான் உருவ வேண்டும் என்பது அங்கே சட்டம். சாயங்காலக் கல்லூரியில் ப்ரோகிராம் படித்து வெளியே வந்த பிறகும் அந்தச் சட்டத்தை அவர் கைவிடவில்லை. அவர் போனை முதலில் வைத்து நான் பார்த்ததே இல்லை. விற்பனைக்காரன் போன் பண்ணினால்கூட, அவன் மூச்சு வாங்கி ஓய்கிறவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரிங்க, வேண்டாங்க, நீங்க வெச்சுடுங்க" என்பார். அவனே வைத்தபிறகுதான் ரிசீவர் கீழே இறங்கும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மெயின் சுவிட்சை அணைப்பது அவர் பொறுப்பு. அதற்குமுன் பன்னிரண்டு மேசைக்கும் ஒரு சுற்று போவார். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: "முடிச்சாச்சா?" நாங்கள் முடித்தாச்சு என்று வாயால் சொல்ல வேண்டும். தலையாட்டினால் நகரமாட்டார்.

"அக்கா, நான் வெறுமனே நியூஸ் படிச்சிட்டிருக்கேன், அதுக்குமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"படிச்சு முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சு தாயே, அணைங்க."

மத்தியானத் தூக்கத்திலும் அப்படித்தான். பன்னிரண்டரைக்கு விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் மேசைமேல் குட்டித் தலையணை போட்டுக் கவிழ்ந்துவிடுவோம். ஒன்றரைக்கு எழுப்புவது யுன் அக்கா. மற்ற கம்பெனிகளில் மணி அடிக்கும், பாட்டுப் போடுவார்கள். இவர் ஜன்னலோர வரிசை விளக்கை முதலில் போடுவார். ஒரு நிமிஷம் கழித்து நடு வரிசை. பிறகு கடைசி வரிசை. யார் தோளிலும் கை வைத்து எழுப்பியதில்லை. "என்ன கனவுல இருக்காங்களோ, பாவம்" என்பார். நான் கடைசி வரிசை. இரண்டு நிமிஷம் கூடுதலாகத் தூங்கக் கிடைத்தவன்.

இனி அந்தப் பெட்டிக்குள் இருந்த ப்ரோகிராமைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயப்பட வேண்டாம். நானே ப்ரோகிராம் எழுதத் தெரியாதவன்தான். எனக்குப் புரிந்தது யாருக்கும் புரியும்.

ஒரு ப்ரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் பல வேலையாட்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். த்ரெட் என்பார்கள். எங்கள் பெட்டியில் ஒரு ஆள் சென்சாரைப் படிப்பான். ஒருவன் சக்கரத்தைச் சுற்றவிடுவான். ஒருவன் ஆபத்து என்றால் போன் போடுவான். ஒருவன் ஆபீஸிலிருந்து போகிற உத்தரவைக் கேட்பான். இன்னொருவன் குளத்து நிலவரத்தை ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஆபீஸுக்கு அனுப்புவான். எல்லோருக்கும் பொதுவாக ஒரு நோட்டு. இரண்டு பேர் ஒரே சமயத்தில் எழுதிக் குழப்பிவிடக்கூடாது என்று அதற்கு ஒரு பூட்டு, ஒரே ஒரு சாவி. எடுத்தவன் எழுதி முடித்துத் திருப்பி வைத்தால்தான் அடுத்தவனுக்கு.

பிரச்சினை சென்சாரால் வந்தது. உப்புத் தண்ணீரில் கிடந்து சிப்பி படிந்தால் அது பதில் சொல்லாமல் மக்கர் பண்ணும். படிக்கிறவன் பதிலுக்காக வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிடுவான். யுன் அக்காவுக்கு முன்னால் அந்த ப்ரோகிராமை எழுதியவர் பெரிய கெட்டிக்காரர், அப்புறம் சின்ச்சு பக்கம் பெரிய வேலைக்குப் போய்விட, அது அக்கா கைக்கு வந்தது. அவர் இதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார். பத்து விநாடி பதில் இல்லையென்றால், ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கூப்பிட்டு, அந்த வேலையாளைக் கொன்றுவிடச் சொல்வது. அதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறதாம். ஒரு வரி. சொன்ன மாத்திரத்தில் ஆள் காலி. உடனே புதிதாக ஒருவனைப் பிறப்பித்து அதே வேலைக்கு அனுப்புவது. எங்களைப் போல வெளியூர் சுற்றுகிறவர்களுக்கு இது கடவுள் கொடுத்த வரம். சென்சார் மக்கர் பண்ணினாலும் பெட்டி நிற்காது.

ஏழு வருடத்துக்கு முன்னால், மார்ச் மாதம், யுன் அக்கா அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்தார். நேராக லாய் முதலாளியிடம் போய், "இதை வெச்சுக்கிட்டு ஒரு பெட்டியும் வெளிய போகக்கூடாது" என்றார்.

முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. கோடை வருவதற்குள் பெட்டிகளை மாட்டுவதாகக் குளத்துக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். சும்மா நிற்க முடியுமா?

"அக்கா, மாட்டிக்கிட்டு நிக்கறவனைத்தானே கொல்றோம்? செத்தவன் வந்து கம்ப்ளெயிண்ட் பண்ணவா போறான்?"

எல்லோரும் சிரித்தார்கள். யுன் அக்கா சிரிப்பு ஓயும்வரை பொறுத்திருந்தார்.

"ஆ-கீ, கீழ மாடிப்படிக்குப் பக்கத்துல இருக்கற டாய்லெட்டுக்கு எத்தனை சாவி?"

"ஒண்ணு. மரக்கட்டையில கட்டித் தொங்குது."

"நீ அந்தச் சாவியோட உள்ள போய்த் தாப்பாள் போட்டுக்கற. வெளிய வர நேரமாகுது. முதலாளி பொறுமை இல்லாம, யாரையோ விட்டு உன்னைக் கூரை வழியா அப்படியே தூக்கிட்டுப் போயிடறார். நீ போயாச்சு. சாவி எங்க?"

"உள்ள."

"கதவு?"

"பூட்டியிருக்கு."

"பாக்கிப் பதினோரு பேரு?"

"அவசரம்னா... பக்கத்துக் கம்பெனிக்குத்தான் ஓடணும்" என்றார் முதலாளி.

"பெட்டிக்குள்ள பக்கத்துக் கம்பெனி கிடையாதுங்க. கொல்ற நேரத்துல அவன் கையில சாவி இல்லேன்னா தப்பிச்சோம். நூறு தடவையில தொண்ணூத்தொம்பது தடவை இருக்காது. அதனாலதான் இத்தனை நாள் யாருக்கும் தெரியல."

அவர் மூன்று வாரம் கேட்டார். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். பழைய ப்ரோகிராம் ஏற்றி வைத்திருந்த பெட்டிகள் எல்லாம் அலமாரிக்குப் போயின; முன்பே குளங்களில் ஓடுகிறவற்றை அக்கா தினமும் கண்காணித்தார். மூன்று வாரம் ஏழு வாரம் ஆகியும் வேலை முடியவில்லை. ஒரு இடத்தில் இருந்த வரி என்று நினைத்தது பதினோரு இடத்தில் இருந்ததாம்.

இங்கேதான் என் கதை வருகிறது. ஏப்ரல் மாதம் கல்லறை சுத்தம் செய்கிற நாளில் லின்பியன் போயிருந்தபோது, மாமனார் வீட்டுச் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் முன்னால் மார்தட்டிவிட்டு வந்திருந்தேன். "மச்சான், மே மாசம் முடியறதுக்குள்ள உங்க குளத்துல எங்க பெட்டி ஓடும். நீங்க மத்தியானம் காலை நீட்டித் தூங்கலாம்." அந்த வீட்டில் என்னை ஒரு ஆளாக மதித்தது அன்றைக்குத்தான். மச்சானுக்கு அந்த நான்கு குளம்தான் உலகம். புயலில் ஒருமுறை எல்லாம் போய், திரும்ப ஒண்ணரை வருடமாகக் குஞ்சு விட்டு வளர்த்துக்கொண்டிருந்த களவா. மே மாதம் பாதி ஆனதும் தினம் போன் பண்ண ஆரம்பித்தார். அவராவது மரியாதையாகக் கேட்டார். என் மனைவி லி-சியூ கேட்டது வேறு மாதிரி.

"எங்கண்ணன்கிட்ட அளந்துட்டு வந்தியே, பெட்டி எங்க? அலமாரியில முட்டை போட்டுக்கிட்டிருக்கா?"

ஒரு சனிக்கிழமை, அலமாரியிலிருந்து பதினேழாம் நம்பர் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். அலமாரி பூட்டியிருக்கவில்லை. இது தப்பு என்று தெரியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன். தெரியும். அதனால்தான் பரிகாரமும் செய்தேன். எங்கள் ஊரில் எந்த இயந்திரமாக இருந்தாலும் அதன்மேல் பச்சை நிறப் பொட்டலம் ஒன்று வைப்போம். தேங்காய் வாசனை அடிக்கிற சோளப் பொரி. பச்சை என்றால் இயந்திரம் சொன்னபேச்சுக் கேட்கும். வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் வைக்கிறார்கள், நான் வைத்தால் என்ன? லின்பியன் ஸ்டேஷன் கடையில் வாங்கி, தேதி பார்த்து, பெட்டி மூடிக்குள் செருகினேன். யுன் அக்காவின் ஏழு வார வேலைக்கு என்னுடைய பதில் ஒரு சோளப் பொரிப் பொட்டலம்.

பெட்டி ஆபீஸுக்குச் செய்தி அனுப்புமே, அதற்கும் ஒரு பொய் தயார். "கீழ கிடங்குத் தொட்டியில வெச்சு டெஸ்ட் பண்றேன்க்கா, பதினேழாம் நம்பர்" என்றேன். "நல்லது" என்றார். மூன்று வாரம் பெட்டி அருமையாக ஓடியது. மச்சான் மத்தியானம் காலை நீட்டித் தூங்கினார்.

ஜூன் மாதம் இரண்டாவது வாரம், மூன்று நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. வானம் மூடிக் கிடந்தது, காற்று துளியும் இல்லை. அந்த மாதிரிப் பகலில்தான் குளத்தில் ஆக்ஸிஜன் சரியும். எங்கள் ஆபீஸில் விளக்கை அணைத்துவிட்டுப் பன்னிரண்டு பேரும், இல்லை, பதினோரு பேரும் கவிழ்ந்துவிட்டோம். யுன் அக்கா தூங்குமுன் குளங்களின் நிலவரத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் படுப்பார். பதினேழாம் நம்பரில் ஆக்ஸிஜன் 5.2 என்று இருந்தது. ஐந்து நிமிஷம் கழித்தும் 5.2. பின்னோக்கித் தள்ளிப் பார்த்தாராம், நாற்பது நிமிஷமாக 5.2. உயிருள்ள தண்ணீரில் எந்த எண்ணும் அப்படி நிற்காது. தொட்டிச் சென்சாரில் ஏதோ கோளாறு என்று நினைத்து, எங்களைத் தொந்தரவு பண்ணாமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே கிடங்குக்குப் போனார். அங்கே தொட்டியில் தண்ணீரே இல்லை.

திடீரென்று மூன்று வரிசை விளக்கும் ஒன்றாக எரிந்தது. யாரோ என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். கண்ணைத் திறந்தால் யுன் அக்கா. பதினோரு வருடத்தில் அவர் கை யாரையும் எழுப்பத் தொட்டதில்லை.

"ஆ-கீ, பதினேழாம் நம்பர் எங்க?"

"கீழ தொட்டியில..."

"தொட்டி காஞ்சு கிடக்கு. எங்க?"

"லின்பியன்ல. மச்சான் குளத்துல."

திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

"படிக்கிறவனைக் கொன்னுடுச்சு. சாவி அவன் கையில இருந்திருக்கு. சக்கரத்தைச் சுத்த விடறவன், போன் போடறவன் எல்லாரும் வாசல்ல நிக்கறாங்க. அனுப்பறவனுக்கு மட்டும் சாவி வேண்டாம், அதனால கடைசியா இருந்த எண்ணையே அனுப்பிக்கிட்டிருக்கான். மச்சானுக்குப் போன் பண்ணு. கையால சுவிட்ச் போடச் சொல்லு."

"நீங்க இங்கேருந்தே ரீஸ்டார்ட் பண்ணிடுங்களேன்!"

"உத்தரவு கேக்கறவனும் அதே வரிசையிலதான் நிக்கறான், ஆ-கீ. நான் கத்தினா அவனுக்குக் கேக்காது. போன் பண்ணு."

பண்ணினேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி. மறுபடி. நான்தானே சொன்னேன், காலை நீட்டித் தூங்குங்கள் என்று? மச்சான் தூங்கப் போகும்போது போனை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிறவர். அவசரத்தில் எண் தப்பாக விழுந்தது. மற்றவர்கள் எல்லோரும் கன்னத்தில் தலையணை மடிப்போடு என்னைச் சுற்றி நின்றார்கள். லாய் முதலாளி ஒரு கால் செருப்போடு நின்றார்.

"குளத்துக்குப் பக்கத்துல வேற யாரு இருக்காங்க?" என்றார் யுன் அக்கா.

அப்போதுதான் பாக்குக் கடைக்காரம்மா ஆ-சூ ஞாபகம் வந்தது. ரோட்டோரத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த சின்னக் கடை, மச்சான் குளத்திலிருந்து கூப்பிடு தூரம். லின்பியன் போகிறபோதெல்லாம் லி-சியூவுக்குத் தெரியாமல் அங்கேதான் பாக்கு வாங்குவேன். நம்பர் போனில் இருந்தது.

"ஓகோ, தைச்சுங் மாப்பிள்ளையா! இப்பதான் என் நெனப்பு வந்துச்சா?"

"அக்கா, மச்சான் குளத்துக்கு ஓடுங்க! பெட்டி நின்னுபோச்சு! சக்கரம் சுத்தல!"

"நான் ஓடினா கடையை யாரு பாக்கறது?"

"கடை கிடக்கட்டும்கா!"

"உங்கப்பன் வெச்ச கடையா, கிடக்கட்டும்ங்கறே?" என்று வாய் திட்டிக்கொண்டிருக்கும்போதே ஸ்கூட்டர் உறுமுகிற சத்தம் கேட்டது. அந்தப் பெண்மணிக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டவன். இரண்டு நிமிஷத்தில் அவர் குரல் மாறிவிட்டது.

"அய்யய்யோ, மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்துக்கிட்டு நிக்குதே!"

யுன் அக்கா பேனல் எங்கே என்று என்னிடம் கேட்டுக்கொண்டு, போனை என் கையிலிருந்து வாங்கினார். பதறாத குரல். "அம்மா, கொட்டகைச் சுவத்துல பச்சைக் கதவு போட்ட பேனல் இருக்கும். திறங்க. இடது பக்கம் நாலு கைப்பிடி. முதல் கைப்பிடியை மட்டும் மேல தள்ளுங்க."

"நாலையும் சேத்துத் தள்ளிடறேன்!"

"வேண்டாம்மா, நாலும் ஒண்ணா கிளம்பினா மெயின் விழுந்துடும். முதல் சக்கரம் சுத்தற சத்தம் கேக்கட்டும். கேட்டாச்சா?"

போனை எல்லோரும் கேட்கும்படி வைத்தார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு தண்ணீர் அடிபடுகிற சத்தம், தடதடவென்று. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். "கேட்டாச்சு!" "இப்ப ரெண்டாவது." நான்கு சக்கரமும் சுற்றின. அதன்பிறகு ஆ-சூ தகரக் கதவைத் தட்டி மச்சானை எழுப்பினார். அவர் ஓடி வந்து கத்தியது, அழுதது, எல்லாம் அந்தப் போனிலேயே கேட்டது. மீன்கள் ஒவ்வொன்றாக அடியில் இறங்குகிறவரை, ஒன்றேகால் மணி நேரம், யுன் அக்கா போனை வைக்கவில்லை. "இப்ப எத்தனை மேல நிக்குது? சரி. இப்ப?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான்கு கூடை மீன் செத்தது. மற்றதெல்லாம் பிழைத்தது.

லாய் முதலாளி என் பக்கம் திரும்பினார். "பெட்டி அலமாரியிலேருந்து எப்படிப் போச்சு?"

வாயைத் திறந்தேன். அதற்குள் யுன் அக்கா சொன்னார்: "அந்த ப்ரோகிராமோட பெட்டியை அலமாரியில பூட்டாம வெச்சது நான்." அவர் அடுத்தவர் பேச்சுக்கு நடுவில் புகுந்ததும் அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை ரயிலில் இரண்டு பேரும் லின்பியன் போனோம். புது ப்ரோகிராம் ஏறக்குறைய முடிந்திருந்தது, அதை எடுத்துக்கொண்டார். வழியில் நான், "நான்தான் எடுத்துட்டுப் போனேன்னு மச்சான்கிட்ட சொல்லிடறேன்கா" என்றேன்.

"நீ சொல்ல வேண்டியதை நீ சொல்லு. நான் சொல்ல வேண்டியது தனியா இருக்கு, அதை நான் சொல்லிக்கறேன்."

குளக்கரையில் அவர் மச்சானுக்கு முன்னால் இடுப்பு வளையக் குனிந்தார். "இது எங்க ப்ரோகிராம்ல இருந்த தப்பு. மார்ச் மாசமே எனக்குத் தெரியும். அப்பவே எல்லாப் பெட்டியிலேருந்தும் அழிச்சிருக்கணும். அழிக்கல. மன்னிச்சுக்குங்க." என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இடம் மட்டும் விட்டிருந்தார். அடுத்து நான் பேச வேண்டிய இடம். மச்சான் என்னைப் பார்த்தார். நான் குளத்தைப் பார்த்தேன். பேசவில்லை. இப்போது எழுதும்போதும் முகம் சுடுகிறது.

இரண்டு நாள் அங்கேயே தங்கி, பகலெல்லாம் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு குளக்கரையில் உட்கார்ந்து, முப்பது தடவை சென்சார் ஒயரை வேண்டுமென்றே பிடுங்கிப் பிடுங்கிச் சோதித்தார். புது ப்ரோகிராமில் யாரும் யாரையும் கொல்வதில்லை. படிக்கிறவன் அரை விநாடிதான் காத்திருப்பான்; பிறகு தலையைத் தூக்கி, யாராவது என்னை நிறுத்தச் சொன்னார்களா என்று பார்ப்பான். சொல்லியிருந்தால் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, நோட்டை மூடிவிட்டு, தானே போவான். சென்சார் பதிலே சொல்லாவிட்டால் எல்லாச் சக்கரமும் சுற்ற ஆரம்பித்து, மச்சானுக்குப் போன் போகும். மச்சான் போனை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைப்பதையும் விட்டுவிட்டார். பழைய கட்டளை இருந்த பதினோரு இடத்திலும் யுன் அக்கா ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். எங்களிடம் புதிதாகச் சேருகிற எவரும் முதலில் படிப்பது அதைத்தான்: "இங்கே யாரையும் கொல்லாதீர்கள். நிறுத்தச் சொல்லுங்கள். காத்திருங்கள். பெங்."

அந்த டிசம்பரில்தான் முதல் மீன் வந்தது, அவர் பெயருக்கு. அவர் அதை வாங்கி, தலையைச் சூப் வைத்து, என்னையும் லி-சியூவையும் ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டார். அடுத்த வருடமும் அப்படியே. ஆக, வால் வராவிட்டாலும் எனக்குத் தலை கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. அந்தச் சூப்பை ஒவ்வொரு வருடமும் யுன் அக்கா முகத்தைப் பார்க்காமல்தான் குடிப்பேன்.

இந்த வருடம் ஏப்ரலில், கல்லறை சுத்தம் செய்துவிட்டு வரும்போது, மச்சானும் நானும் மட்டும் குளக்கரையில் நின்றோம். தாங்கமுடியவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்றுகூட யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அலமாரி, பொய், காய்ந்த தொட்டி, எல்லாம்.

"தெரியும்" என்றார் மச்சான்.

"யுன் அக்கா சொன்னாங்களா?"

"அந்தம்மாவா? கழுத்தை நெரிச்சாலும் சொல்லாது. அவங்க அனுப்பற பெட்டியில எல்லாம் மூடிக்குள்ள அவங்க கையெழுத்துல பேரும் போன் நம்பரும் ஒட்டியிருக்கும். ஆ-சூ தம்பி குளத்துல பாத்திருக்கேன். அன்னிக்கு என் பெட்டியைத் திறந்தா உள்ள என்ன இருந்துச்சு? சோளப் பொரி. அந்தம்மாவே அதை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பாத்துச்சு. அந்த மூஞ்சியைப் பாத்ததுமே எனக்கு விளங்கிப்போச்சு."

"அப்ப ஏன் மச்சான் ஏழு வருஷமா ஒரு வார்த்தை கேக்கல?"

"கேக்கத்தான் வந்தேன். கேக்கறது என்ன, இனி இந்த வீட்டுப் படி ஏறாதேன்னு சொல்லத்தான் வந்தேன். அந்தம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'அவனே சொல்லுவான். நேரம் ஆகும். அதுவரைக்கும் வெட்டிடாதீங்க'ன்னுச்சு." மச்சான் தண்ணீரில் ஒரு கல்லை எறிந்தார். "இவ்வளவு நேரம் ஆகும்னு சொல்லல."

நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஐம்பத்திரண்டு வயதில் குளக்கரையில் நின்று அழுதேன்.

போன வாரம் டிசம்பர் மீன் வந்தது. இரண்டு பெட்டி. ஒன்றில் வழக்கம்போல யுன் அக்கா பெயர். இன்னொன்றில் என் பெயர். மூடியைத் திறந்தேன். ஐஸ், அதன்மேல் மீன், மீனுக்குமேல் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஒரு பச்சைப் பொட்டலம்.

அதைத் தூக்கிக்கொண்டு யுன் அக்கா மேசைக்குப் போனேன். மணி ஆறு ஆகப் போகிறது. அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"தேதி பாத்தியா? இது முடிஞ்சு ஏழு வருஷம் ஆச்சு."

அன்றைக்குப் பதினேழாம் நம்பர் பெட்டிக்குள் இருந்த அதே பொட்டலம். மச்சான் எடுத்துப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

நான் நன்றி சொல்ல ஆரம்பித்தேன். வாய் நீளம் என்று பேர் வாங்கிய எனக்கு வார்த்தை வரிசையாக வரவில்லை. அலமாரியிலிருந்து ஆரம்பித்து எங்கெங்கோ போனேன், திக்கினேன், மூக்கைச் சிந்தினேன், ஆ-சூவை இழுத்தேன், பாதியில் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். மணி ஆறைத் தாண்டியது. மற்றவர்கள் பையை மாட்டிக்கொண்டு நின்றார்கள். யுன் அக்கா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, ஒரு இடத்திலும் குறுக்கே வராமல் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் ஓய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் பார்த்தார், இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று.

பிறகு மெயின் சுவிட்சில் கை வைத்தார்.

"முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சுக்கா."